வெட்டியது நான்தான், ஒழுகியது எப்போது?

ஞாயிற்றுக்கிழமை பொல்கொட ஏரியில் நடந்ததை முழுக்கத் திரும்ப எழுதப் போவதில்லை. தம்பியின் பாய்ப்படகு ஒழுகியதற்கு, அதை விற்ற ஏஜென்டின் ஆளிடம் பொறுப்புக் கேட்டோம், அவ்வளவுதான். இறங்குதுறையில் நின்றவர்களில் பாதிப்பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். ஆனால் மூன்று நாளாக அந்த ஒரு வசனம் காதுக்குள் கிடந்து குடைகிறது. "நீங்களே படகை வெட்டிவிட்டு எங்களிடம் வந்து நின்றால் நாங்கள் என்ன செய்வது?"

ஏஜென்டின் ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார். கூடவே நாலைந்து பேர் சிரித்தார்கள். தம்பி ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

சரி, வெட்டியது நான்தான். படகு அவனுடையது, கை என்னுடையது. பாய்மரத்துக்குப் பக்கத்தில், டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், உள்ளே கை நுழைக்க ஆறு அங்குல வட்டம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டியதால் படகு ஒழுகவில்லை, ஒழுகியதால்தான் வெட்டினோம். இது விளங்காத ஆளிடமா இத்தனை லட்சம் கொடுத்துப் படகு வாங்கினோம் என்று நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

படகு ஓட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது ஒருவர் மட்டும் ஓட்டுகிற, பதினான்கு அடி பைபர் பாய்ப்படகு. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பி கிடையாது. டெக்கில் இருந்து அடித்தளம் வரை போகிற ஒரு குழாய்க்குள் மரத்தைச் செருகுவோம், அவ்வளவுதான். காற்று பாயில் அடிக்கிற அடி முழுவதையும் அந்தக் குழாயின் மேல் வாயும் அடிமுனையும்தான் தாங்க வேண்டும். அடிமுனையைச் சுற்றி ஒட்டுப்பசை முழுசாகப் பிடித்திருக்காவிட்டால் குழாய் மயிரிழை ஆடும். ஆட ஆட வெடிக்கும். பிறகு தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகும்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் வேண்டாம். குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் போதும். மட்டம் இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கிறது. தம்பியின் படகில் தேநீர் ஆறுவதற்குள் ஒரு சாண் இறங்கியது. அதுவும் வெட்டுவதற்கு முன்பு! வீடியோ இருக்கிறது, திகதியோடு.

ஒரே கப்பலில் வந்த ஆறு படகுகள். அதில் நான்கு, அதே இடத்தில் ஒழுகுகின்றன. நான்கு பேருமா பிழையாக ஓட்டினோம்?

ஒழுங்காகக் கேட்டிருந்தால் படகு செய்த கொம்பனி உதவியிருக்கும் என்று ஒரு பெரியவர் எனக்கு அறிவுரை சொன்னார். ஐயா, ஒக்டோபரில் இருந்து கேட்கிறோம். முதல் மின்னஞ்சலுக்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில். நான் கருத்துச் சொல்லவில்லை, படகு ஒழுகுகிறது என்றுதான் எழுதினேன். அப்புறம் படகின் இலக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். படம் கேட்டார்கள், அனுப்பினோம். பிறகு ஏஜென்டைப் பாருங்கள் என்றார்கள். ஏஜென்ட் கொம்பனிக்கு எழுதுங்கள் என்றார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பின்பக்கத்து அடைப்பானைக் கழற்றி இரண்டு வாளி தண்ணீர் வெளியே விட்டோம். அதற்குப் பிறகுதான் வெட்டினேன்.

உள்ளே கையை விட்டபோது என்ன தெரிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். குழாயின் அடியில் பாதி வட்டத்துக்குத்தான் பசை இருந்தது. மற்றப் பாதி பளபளவென்று, ஒட்டாத பைபர். இடுக்குக்குள் என் சுண்டுவிரல் நகம் போனது. அந்த நகத்தை வெட்டினாலும் வாரண்டி போய்விட்டது என்பார்களோ தெரியாது.

பழைய சோனகத் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி எபொக்சி என்ற ஒட்டுப்பசை வாங்கினேன். பொலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் காய்ந்த பைபரில் அது எபொக்சி அளவுக்குப் பிடிக்காது. கொழும்பு வெயிலில் எபொக்சியோடு மாரடிப்பது எப்படி என்று செய்தவனுக்குத்தான் தெரியும். கோப்பையில் கலந்து கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் போதும், கோப்பை கொதித்துப் புகை வரும். இரண்டு கோப்பையைக் குப்பையில் போட்டேன். மூன்றாவதில்தான் தோள்வரை கையை நுழைத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், விரலால் தடவித் தடவிப் பைபர் துணியை ஒட்டினேன். பிறகு ஓட்டைக்குத் திருகு மூடி போட்டோம். இன்றைக்கு அந்தக் குழாயில் தண்ணீர் ஊற்றினால் மத்தியானச் சாப்பாடு முடித்து வந்தாலும் மட்டம் அசையாது.

இதைத்தான் அவர்கள் "அனுமதியில்லாத மாற்றம்" என்கிறார்கள்.

என் அப்பப்பா காரைநகரில் வள்ளம் வைத்திருந்தார். கட்டிக் கொடுத்த ஓடாவி வாரண்டி அட்டை எதுவும் தரவில்லை. ஆனால் வள்ளத்தைக் கடலில் இறக்கி முதல் மாதம் முழுக்க, விடிகாலையில் உளியும் பஞ்சுமாகக் கரைக்கு வருவாராம். பலகை ஊறிப் பொருந்தும் வரை எங்கே கசிகிறது என்று பார்த்து, இடுக்கில் பஞ்சை அடைத்துக் கலப்பற்று அடித்துவிட்டுப் போவாராம். ஒருமுறை அப்பப்பா தன் வசதிக்கு இருக்கைப் பலகையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார். ஓடாவி பார்த்தார். திட்டவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்து கட்டிய வள்ளத்தில் பலகையை அங்கேயே வைத்தாராம். செய்தவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே பேச்சு இருந்தது. எங்களுக்கு "கருத்துக்கு நன்றி".

இன்னொருவர், பாய்ப்படகு வெள்ளைக்காரன் விட்டுப்போன பணக்கார விளையாட்டு, இதற்கு ஒரு புலம்பலா என்றார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 89 அடிப் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனது. வாங்கியவர் அமெரிக்கர்தான், அதற்கு என்ன? கட்டிய கை எங்களுடையது. பணக்காரன் என்கிறீர்களா? நான் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தம்பி இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துப் படகு வாங்கினான்.

ஏஜென்டும் பாவம், 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022இல் இருநூறு ரூபாய் டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியது, உதிரிப்பாகம் எப்படிக் கொண்டுவருவது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நாங்கள் உதிரிப்பாகம் கேட்கவில்லையே. "பிழை எங்களுடையது" என்று ஒரு வரி கேட்டோம். அதற்கு டொலர் தேவையில்லை.

படகில் கை வைத்தால் வாரண்டி போகும் என்று அட்டையில் இருக்கிறதாம். நானும் வாசித்தேன். ஓட்டோவின் சீட் கவரை மாற்றினேன் என்பதற்காக, முதல் நாளில் இருந்தே பிடிக்காத பிரேக்குக்கு நானா பொறுப்பு? விற்கிற பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போயிருக்கலாமே என்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாங்கள் அந்த மூன்று மாதமும் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களை இழுத்தடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்!

உண்மையைச் சொன்னால் கொம்பனி மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், எங்களைத் தெரியாது. ஏஜென்டின் ஆளுக்கும் சம்பளம் வேண்டும். சிரித்த நாலைந்து பேரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பாய்மரத்தின் அடியில் மணல் சேர்ந்து குழாயின் தரையை அரைத்துத் தின்னுகிறது என்று உங்களுக்குச் சொன்னது யார்? ஐஸ்கிரீம் பெட்டி மூடியை வட்டமாக வெட்டிக் குழாய்க்குள் போடுங்கள், தேய்ந்தால் மாற்றலாம் என்று காட்டியது யார்? படகு கவிழும்போது சுக்கான் கழன்று போகாமல் கயிறு கட்டும் முறையை, மொறட்டுவையில் ஒரு மழைநாளில், ஒவ்வொருவருக்கும் கட்டிக் காட்டியது யார்? அதெல்லாம் மாற்றம் இல்லையா? அப்போது "அண்ணே, நல்ல ஐடியா". ஞாயிற்றுக்கிழமை, "நீங்கள் வெட்டியிருக்கக் கூடாது அண்ணே". ஒழுகுகிற நான்கு படகில் இரண்டு, சிரித்தவர்களுடையது. அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் வெட்டவில்லை, அதனால் தங்கள் வாரண்டி பிழைத்திருக்கிறது என்ற நம்பிக்கை. இருக்கட்டும்.

தம்பி நேற்று இரவு போன் எடுத்தான். படகை விற்றுவிடலாமா என்று கேட்டான். "விற்றால் ஒழுகியதைச் சொல்லி விற்க வேண்டும், உனக்கு முடியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சொல்லித்தான் விற்பேன் அண்ணே" என்றான். எங்களுக்கு விற்றவர்கள் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாளியோடு வருகிறேன். ஆறு படகின் குழாயிலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், விரும்பியவர்கள் நில்லுங்கள். மற்றவர்கள் ஐஸ்கிரீம் மூடியைத் திருப்பித் தர வேண்டாம், அது உங்கள் குழாயிலேயே கிடக்கட்டும்.