தோற்றதற்கெல்லாம் மார்க் போடாதீர்கள்

2024 டிசம்பர் 8, ஞாயிறு மதியம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கி ஓடும் ஆட்டம்) சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு ஒரு குழு தேர்ந்தெடுத்த 12 அணிகளை டிவியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அலபாமாவில் படித்த ஆபீஸ் நண்பர் எங்கள் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார், தட்டில் வடை ஆறிக்கொண்டிருந்தது. கடைசியாக இருந்த இடம் அலபாமாவுக்கு இல்லை, எஸ்எம்யூவுக்கு (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) என்றதும் எழுந்தே விட்டார். "எங்கள் ஷெட்யூலை ஆடியிருந்தால் இவர்கள் ஆறு ஆட்டம்கூட ஜெயித்திருக்க மாட்டார்கள்!" என்றார். இந்த விளையாட்டில் பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாத என் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவரு டீம் மூணு தோத்துச்சு, அந்த டீம் ரெண்டுதானே? அப்புறம் என்னவாம்?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. ஐபிஎல்லில் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் யார் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். இங்கே அந்த ஆண்டு முதல் பிரிவில் மட்டும் 134 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். பாதிப் பேர் பாதிப் பேரைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைத்து ஆடுவதும் சகஜம். (அதுவும் சில நேரம் திருப்பி அடிக்கும். அதே 2024-இல் நாட்டர் டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து வடக்கு இல்லினாயை அழைத்து, 16-14 என்று தோற்றது.)

ஆக, யாரோடு ஆடினார்கள் என்பதைப் பார்த்தே ஆகவேண்டும். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லிபர்ட்டி பல்கலைக்கழகமும் 13-0, ஃப்ளோரிடா ஸ்டேட்டும் 13-0, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை. (பன்னிரண்டுக்கு மேல் அந்த ஓர் ஆட்டம், கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம்.) தேர்வுக் குழு லிபர்ட்டிக்குக் கொடுத்தது 23-ஆம் இடம். எனக்கு அதில் சண்டை இல்லை. பிறகு ஓரிகன் அவர்களை 45-6 என்று உரித்து எடுத்தது. ஆனால் ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஐந்தாம் இடத்தில் நிறுத்தி, அப்போதிருந்த நான்கு அணிப் பிளேஆஃபுக்கு வெளியே தள்ளியதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) 45-24 என்று தோற்கடித்துத் தொடங்கிய அணி அது, பெரிய கான்ஃபரன்ஸின் சாம்பியன். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் காயப்பட்டதால் இது பழைய அணி இல்லை என்றார்கள். பின்னால் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி "பார்த்தீர்களா?" என்று கேட்பவர்கள், அன்று எத்தனை முக்கிய வீரர்கள் ஆடவே வரவில்லை என்பதைச் சொல்வதில்லை.

கடினமான ஷெட்யூல் ஜெயித்த ஆட்டத்தின் மதிப்பைக் கூட்டட்டும், தாராளமாக. தோற்ற ஆட்டத்தை அழிக்கும் ரப்பராக அது ஆகக்கூடாது என்பதுதான் என் கட்சி.

நண்பரின் அலபாமாவுக்கே வருவோம். ஜார்ஜியாவை 41-34 என்று வென்றார்கள். அதற்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் போடலாம். அடுத்த வாரமே வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றார்கள். அன்று வாண்டர்பில்ட் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தோளில் சுமந்து போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். அந்த வாண்டர்பில்ட் மூன்று வாரம் முன்புதான் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் (ஜார்ஜியா வேறு, இது வேறு) தோற்றிருந்தது. ஜார்ஜியா ஸ்டேட் அந்த ஆண்டு ஜெயித்ததே மூன்று ஆட்டம். பிறகு ஓக்லஹோமா: 24-3, அலபாமா ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. வாண்டர்பில்ட், ஓக்லஹோமா இரண்டுமே டிசம்பரில் 6-6. இதில் ஷெட்யூல் என்ன பாவம் செய்தது?

அலபாமா இருக்கும் கான்ஃபரன்ஸின் பெயர் எஸ்ஈசி. "எஸ்ஈசியில் 6-6 என்றால் வேறு இடத்தில் 9-3" என்பார் நண்பர். சிக்கலே இங்கேதான். ஆகஸ்டில், ஒரு பந்துகூட வீசப்படாதபோதே, எஸ்ஈசி அணிகள் ரேங்கிங்கில் வரிசையாக உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒன்றை ஒன்று அடிக்கும். ஜெயித்தவர் பெரிய அணியை வென்றதாக மேலே போவார். தோற்றவர் பெரிய அணியிடம்தானே தோற்றார் என்று இருந்த இடத்திலேயே இருப்பார். பணம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது, கணக்கில் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெளியே போய் ஆடுவதை வைத்துத்தான் அதைச் சரிபார்க்க முடியும். அலபாமாவோ அந்த நவம்பர் நடுவில் மெர்சர் என்ற கீழ்ப்பிரிவு அணியோடு ஆடி 52-7 என்று வென்றது.

பிளேஆஃப் வருவதற்கு முன் இறுதி ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த பழைய பிசிஎஸ் முறையில் ஷெட்யூல் பலத்துக்கென்றே ஒரு பங்கு உண்டு. எதிரணிகளின் வெற்றி விகிதம் மூன்றில் இரண்டு, அந்த எதிரணிகளின் எதிரணிகளுடையது மூன்றில் ஒன்று. பலமான அணியோடு ஆடினாலே போதும், ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தப் பங்கு கிடைத்துவிடும். 2004-இல் அதை எடுத்துவிட்டார்கள், நல்லது. 2025-இல் குழு சேர்த்துக்கொண்ட அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. இதே ஷெட்யூலில் வேறொரு நல்ல அணி எத்தனை ஜெயித்திருக்கும், நீ எத்தனை ஜெயித்தாய் என்று பார்க்கிறார்கள். இதில் தோல்வி தோல்வியாகவே இருக்கிறது. எதிரியைப் பொறுத்து அதன் எடைதான் மாறுகிறது.

இப்படிச் செய்தால் யாரும் பெரிய அணியோடு ஆட முன்வர மாட்டார்கள் என்று ஒரு பயம் உண்டு. 2025-இல் டெக்சஸ் 9-3 என்று பிளேஆஃபுக்கு வெளியே நின்றபோது, ஓஹையோ ஸ்டேட் மைதானத்துக்கே போய் 14-7 என்று தோற்றதற்குத் தண்டனையா என்று கேட்டார்கள். நானும் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் அதே டெக்சஸ், அந்த ஆண்டு நான்கே ஆட்டம் ஜெயித்த ஃப்ளோரிடாவிடமும் தோற்றது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இண்டியானா விஷயத்தில் நானும் வழுக்கினேன். 2024-இல் 11-1 என்று வந்தபோது "யாரை ஜெயித்தார்கள்?" என்று நண்பரோடு சேர்ந்து நக்கலடித்தேன். 2025-இலும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே அவர்கள் ஆடியது ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட் மட்டும்தான். நக்கலைத் தொடர்ந்தோம். அக்டோபரில் ஓரிகனுக்கே போய் 30-20 என்று வென்றார்கள், நான் நிறுத்திக்கொண்டேன். நண்பர் நிறுத்தவில்லை. 2026 ஜனவரி 1, ரோஸ் பவுல் என்ற பிளேஆஃப் காலிறுதி: இண்டியானா 38, அலபாமா 3. அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பாதி ஆட்டத்தில் மெசேஜ் வந்தது, தலைவலியாம்.