குளிக்கப் போறேன், உங்கள விட்டுட்டுப் போகல

எங்க வாட்ஸ்அப் குரூப்ல மொத்தம் ஆறு பேர், ஆறு பேருக்கும் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், அதாவது உணர்ச்சியெல்லாம் ஒரேயடியா ஏறி இறங்கும், விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம் அரிக்கும், அப்படி ஒரு மனநலப் பிரச்சனை. குரூப்ல ஒரு ரூல் இருக்கு, யார் போட்டதுன்னு கூட மறந்துபோச்சு, போனை கீழ வைக்கணும்னா அறிவிப்பு குடுத்துட்டுதான் வைக்கணும். "குளிக்கப் போறேன், யார் மேலயும் கோவம் இல்ல, தலைக்கு ஊத்தறேன் அதனால 20 நிமிஷம் ஆகும்." பாக்கறவங்களுக்கு லூசுத்தனமா இருக்கும். ஆனா ப்ளூ டிக் விழுந்து பதில் வராத 20 நிமிஷத்துல ஒரு ஃப்ரெண்ட்ஷிப்புக்கு மனசுக்குள்ள கருமாதியே பண்ணி முடிச்சவளுக்குத்தான் அந்த மெசேஜோட அருமை தெரியும்.

இதப் பாத்துட்டு என் சித்தி பொண்ணு, "இது ட்ராமா பாண்டு அக்கா, வெளிய வந்துடு"ன்னா. ரீல்ஸ்ல கத்துக்கிட்ட வார்த்தை. அந்தப் பேர வச்சு டட்டன், பெயின்டர்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1981ல எழுதினது அடிக்கிறவன்கிட்டயே அடி வாங்குறவ ஒட்டிக்கிட்டு கிடக்கறதப் பத்தி, கொஞ்ச நாள் அடி அப்புறம் அல்வா மல்லிப்பூ மறுபடி அடி, அப்படி மாறி மாறி வர்றதுதான் அங்க பசை. அடிபட்டவங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்து சிரிச்சா அதுக்கு அந்தப் பேர் இல்லம்மா.

சொல்லப்போனா ட்ரீட்மென்ட்லயே சிரிப்புக்கு இடம் இருக்கு. டிபிடின்னு (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) எங்கள மாதிரி ஆளுங்களுக்குக் குடுக்கற பேச்சு சிகிச்சைய உருவாக்கின மார்ஷா லினஹன், தெரபிஸ்ட் சில நேரம் மரியாதையெல்லாம் பாக்காம குறும்பா போட்டு உடைக்கணும்னு அதையே ஒரு முறையா வச்சிருக்காங்க. அவங்களே 17 வயசுல ஆஸ்பத்திரில சேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ள கிடந்தவங்க, அத 2011லதான் வெளிய சொன்னாங்க. அந்தக் குறும்பு எங்கிருந்து வந்திருக்கும்னு எனக்குப் புரியுது.

ஒரு நாள் ராத்திரி, எங்க குரூப்லயே பெரிய கடி ஜோக்காரி ஒரு ஜோக் போட்டா, ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல. அவ அப்படி டைப் பண்றவளே இல்ல. இன்னொருத்தி உடனே போன் அடிச்சு நேராவே கேட்டுட்டா, சாகணும்னு தோணுதான்னு. ஆமான்னா அவ. "சரி மொதல்ல மூஞ்சிய ஐஸ் தண்ணில வை, படபடப்பு குறையும், டிபிடில சொல்லிக் குடுத்ததுதான." "ஐஸ் இல்லடி, ஃப்ரிட்ஜுல மாவுதான் இருக்கு." "அப்ப மாவுல வை." ரெண்டு பேரும் சிரிச்சு, அழுது, அவ அண்ணன் வந்து கதவைத் தட்டற வரைக்கும் இவ லைன்லயே இருந்தா.

இவ்ளோ வக்காலத்து வாங்கிட்டேன், ஆனா என்னை உறுத்தறது வேற ஒண்ணு. போன மாசம் எங்கள்ல ஒருத்திக்கு வேலை கிடைச்சது. குரூப்ல போட்டா, மூணு தம்ஸ்அப். அதே பொண்ணு முன்னாடி ஒரு தடவை இன்டர்வியூல அழுதுட்டு பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கிட்டேன்னு போட்டப்ப 40 மெசேஜ், ஸ்டிக்கர், வாய்ஸ் நோட்டுன்னு ஒரே திருவிழா. யாரும் வேணும்னு பண்ணல, நல்ல செய்திக்கு என்ன ஜோக் அடிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான். அந்த மூணு தம்ஸ்அப்ல ஒண்ணு நான் போட்டது. இப்பல்லாம் அவ எப்பவாவதுதான் வர்றா, குளிக்கப் போறேன்னு சொல்லாமலே போயிடறா.