பட்டதைப் பட்டது என்று சொன்னவர்

1932, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்கள் வாள்வீச்சில் ஃபாயில் பிரிவு, அதாவது மெல்லிய வாளின் நுனி எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. தங்கத்துக்கு மோதியவர்கள் பிரிட்டனின் ஜூடி கின்னஸும் ஆஸ்திரியாவின் எல்லன் பிரைஸும். அந்த ஆட்டத்தில் பிரைஸின் வாள்நுனி இரண்டு தடவை தன் மேல் பட்டதை நடுவர்கள் கவனிக்கவில்லை என்று ஜூடியே போய்ச் சொன்னார். தங்கம் பிரைஸுக்குப் போனது. ஜூடிக்கு வெள்ளி. அப்போது அவருக்கு வயது 21.

இப்போது மாதிரி வாள் பட்டதும் விளக்கு எரிகிற காலமில்லை அது. ஃபாயிலுக்கு மின்கருவி வந்ததே 1950களின் நடுவில்தான். அதுவரை எல்லாம் கண்பார்வை. தலைமை நடுவர் ஒருவர், ஆடுகிறவர்களைச் சுற்றி நான்கு துணை நடுவர்கள். நுனி உடம்பில் பட்டு விலகுவது கண்ணிமைக்கும் நேரம். அவர்கள் கண்ணுக்குத் தப்பினால், நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் வாங்கியவர்தான்.

ஜூடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எந்த விதியும் மீறப்பட்டிருக்காது. 'நடுவர் தரவில்லையா, அப்போ அது நடக்கவே இல்லை' என்று இன்றைக்கும் வாதாடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக, நடுவர் அவுட் கொடுக்காதபோதும் ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் தானாகவே வெளியேறினார். அதைத் தப்பு என்று சொன்னவர்களும் உண்டு. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மறைத்து வாங்கும் பதக்கத்தை எப்படித்தான் கழுத்தில் போட்டுக்கொள்வது?

ஜூடி இழந்தது சின்ன விஷயமும் இல்லை. 1924இல் கிளாடிஸ் டேவிஸ், 1928இல் மியூரியல் ஃப்ரீமன் என்று பிரிட்டன் பெண்கள் இதே ஃபாயிலில் வெள்ளியோடுதான் திரும்பியிருந்தார்கள். ஜூடியுடையது மூன்றாவது வெள்ளி. 1956இல் மெல்போர்னில் ஜில்லியன் ஷீன் என்ற பல் மருத்துவர் வந்துதான் தங்கம் வென்றார். ஒலிம்பிக் வாள்வீச்சில் பிரிட்டனுக்கு இன்றுவரை அது ஒன்றுதான் தங்கம்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல். இந்தக் கதையைச் சொல்கிற பலரும் ஜூடி தங்கத்தை 'விட்டுக்கொடுத்தார்' என்கிறார்கள். அப்படியானால் பிரைஸ் என்ன, தானமா வாங்கினார்? அந்த இரண்டு தொடுகைகளும் அவர் வாள் சம்பாதித்தவை. ஜூடி சொன்னதே அதைத்தானே! பிரைஸ் அதற்கப்புறம் 1936லும் 1948லும் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார், மூன்று முறை உலகப் பட்டம் பெற்றார். ஷீன் தங்கம் வென்ற அந்த மெல்போர்ன் போட்டியிலும், 44 வயதில், வாளோடு களத்தில் நின்றார்.