ஓட்டோக் கட்டணம் போனுக்குள் மட்டும் இருந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்தில் ஓட்டோவுக்கு இப்போது இரண்டு விலை. ஸ்மார்ட்போன் இருப்பவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு இன்னொன்று. முகநூலில் இருக்கிற நாங்கள் எல்லோரும் மலிவு விலைப் பக்கம் நிற்பதால் இதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

பிக்மீ மாதிரி, போனிலேயே ஓட்டோ கூப்பிடுகிற செயலிகள் வந்தது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏற முன்னமே கட்டணம் தெரிகிறது. இரவில் தனியாகப் போகிற பெண்பிள்ளையின் கையில் வண்டி இலக்கமும் சாரதியின் பெயரும் இருக்கிறது. என் கவலை அதற்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது.

போதனா வைத்தியசாலை வாசலில் கிளினிக் முடிகிற நேரம் நின்று பாருங்கள். தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் விடியவே பஸ் ஏறி வந்தவர்கள். கையில் கிளினிக் கொப்பி, மருந்துப் பை, ஒரு பட்டன் போன். அண்மையில் அங்கே ஓர் அம்மா, கால் இரண்டும் வீங்கியிருந்தது, நாச்சிமார் கோயிலடிக்குப் போக எவ்வளவு என்று கேட்டார். சொன்ன விலைக்குப் பதில் பேசாமல் கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பெடியன் போனில் பார்த்தான். அதே தூரத்துக்கு ஏறக்குறையப் பாதிக் காசு. "அம்மா, நில்லுங்கோ, நான் போட்டு விடுறன்" என்று பின்னால் ஓடினான். ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு பெடியன் நிற்பானா?

ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டோக்காரரைத் திட்டி இது தீராது. லீசிங் கட்ட வேண்டும், சவாரி குறைந்துவிட்டது, அதில் பலர் செயலி பழகாத வயதுக்காரர். போன் உள்ள ஆட்கள் எல்லோரும் செயலிக்குப் போய்விட்டார்கள். ஸ்டாண்டுக்கு வந்து விலை கேட்பவர் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர். குறைந்த சவாரியின் நட்டம் முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது.

போன் வாங்கிக் கொடுத்தாலும் சரிவராது. தட்டாதெருச் சந்தியால் திரும்பி வைரவர் கோயில் ஒழுங்கை என்றால் எந்த ஓட்டோக்காரருக்கும் விளங்கும். செயலியில் வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். கொழும்பிலிருக்கிற மகன் அம்மாவுக்கு வண்டி போட்டால், சாரதி மகனுக்கு எடுப்பார், மகன் அம்மாவுக்கு எடுப்பான், அம்மா போன் அடிப்பது கேளாமல் படலையடியில் நிற்பா. வண்டி போய்விடும்.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் குறியீட்டைக் கடதாசியில் அச்சடித்து லமினேற் பண்ணி வைத்திருந்தாலே எண்ணெய் அடித்தார்கள். போனில் காட்டிய சனத்துக்கு ஒரு விலை, கடதாசி காட்டிய சனத்துக்கு இன்னொரு விலை என்று இருக்கவில்லை. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

மாநகரசபையும் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையும் ஓட்டோச் சங்கங்களோடு இருந்து கதைத்து, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணத்தை முடிவு செய்யட்டும். அதை ஆஸ்பத்திரி வாசல், பஸ்நிலையம், ரயில் நிலையம் மூன்றிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். கூடவே, சாதாரண போனில் எடுத்துத் தமிழில் கதைத்து வண்டி கேட்க ஓர் இலக்கமும் வேண்டும். பலகையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண் கிளினிக்குக்கு வருகிறவர்களும் வாசிக்க வேண்டும்.