தாத்தா கேட்ட நாவல்

ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' நாவல் 1972இல்தான் அச்சானது, அவர் இருந்தவரை பரவலாகப் பேசப்படவே இல்லை என்று ஒரு கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் விமர்சகர்கள் மட்டும்தான் வாசகர்களா?

என் தாத்தா சின்ன வயதில், இந்த நாவலில் வரும் இந்தோனேசிய நகரமான மெடானில், வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிச் சிறுவனாக இருந்தவர். கண் மங்கிய பிறகு நான்தான் இந்த நாவலை வாசித்துக் காட்டினேன். 'அடுத்தாள்', 'மேலாள்' என்று வட்டிக்கடைப் பணிப் பெயர்கள் வரும்போதெல்லாம் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவார். மலாய்ச் சொற்கள் மண்டிக் கிடப்பதாகப் பலரும் குறை சொல்கிறார்கள். அவருக்கு அதுதான் இனித்தது. கதாநாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். "எழுதினவர் மதுரையிலதான இருக்கார்? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரணும்டா" என்றார். சிங்காரம் 1997இலேயே போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.