256 இற்கு மேல் பைத்தன் கணக்குத் தவறுமா?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உயர்தர மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பைத்தன் என்ற கணினி நிரல்மொழி பற்றி, "256ஐத் தாண்டினால் பைத்தன் முழு எண்களைச் சரியாகக் கையாளாது" என்றொரு செய்தி திரைப்பிடிப்புடன் சுற்றிவருகிறது. படம் பொய்யல்ல, அதற்குச் சொல்லப்படும் விளக்கமே பிழை.

படத்தில், வரிக்கு வரி உடனே இயங்கும் பைத்தனின் ஊடாடு முறையில், இரு மாறிகளுக்குத் தனித்தனி வரிகளில் 257 வழங்கி ‘இஸ்’ (is) என்ற செயலி கொண்டு ஒப்பிட, ‘ஃபால்ஸ்’ (False, பொய்) என்று விடை வருகிறது. 256 எனில் ‘ட்ரூ’ (True, உண்மை). ஆனால் ‘இஸ்’ பெறுமானங்களை ஒப்பிடுவதில்லை. இரு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. பைத்தன் நிரல்களை இயக்கப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான சீபைத்தன், -5 முதல் 256 வரையான எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்து, கேட்கும்போதெல்லாம் அதே பொருளைத் தருகிறது. 257 இற்கோ, ஊடாடு முறையில் வரிகள் தனித்தனியே தொகுக்கப்படுவதால், ஒவ்வொரு வரியிலும் புதிய பொருள் உருவாகிறது. அதே வரிகளை ஒரு கோப்பில் எழுதி இயக்கினால், எல்லா வரிகளையும் ஒன்றாகத் தொகுக்கும்போது ஒரே மாறிலி பகிரப்படுவதால், 257 இற்கும் ‘ட்ரூ’ என்றே வரும். பரப்பியவர் இதைச் செய்துபார்த்திருந்தால் செய்தி அவரது கைபேசியிலேயே நின்றிருக்கும்.

பெறுமானத்தை ஒப்பிட == இருக்கிறது. கூட்டல், பெருக்கலுக்கும் இவ்விடயத்துக்கும் தொடர்பே இல்லை: 2இன் 100ஆம் வலுவைக் கேட்டால் 1267650600228229401496703205376 என்று ஓரிலக்கமும் பிசகாமல் வருகிறது. 3.8ஆம் பதிப்பிலிருந்து, எண்ணை நேரடியாக ‘இஸ்’ உடன் எழுதினால் பைத்தனே எச்சரிக்கிறது.