"அடுத்த ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்"

கடலூர் முதுநகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் மஸ்கட் போகிறான். ஐ.டி.ஐ. படித்த வெல்டர். வெளிமாநிலத்தில் ஒரு யார்டில், கான்ட்ராக்டர் கீழே, கடற்படைக் கப்பலுக்கு மூன்று வருஷம் வேலை பார்த்தவன். கப்பல் தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நாளில் "அடுத்த ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். பதினாலு மாசமாகக் கூப்பிடவில்லை.

"மாமா, போட்ட வெல்டை எக்ஸ்ரே எடுப்பாங்க. உள்ள குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கிரைண்டர் போட்டு எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து போடணும்" என்று சொன்னான். வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் வெல்டில் விரிசல் விட்டுவிடுமாம். ஓவனில் சுட வைத்துத்தான் எடுப்பார்களாம். அண்ணாந்து பார்த்துப் போடும் வெல்டில் நெருப்புப் பொறி சட்டைக் கைக்குள் விழுந்த தழும்பு இரண்டு முழங்கையிலும் இருக்கிறது. அந்தக் கை பழக மூன்று வருஷம் ஆனது. கையை விட்டுப் போக அவ்வளவு காலம் வேண்டாம்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. நாட்டுக்கே நடந்திருக்கிறது. 1981இல் ஜெர்மனியோடு நீர்மூழ்கி ஒப்பந்தம் போட்டோம். இரண்டு அங்கே, இரண்டு மும்பை மசகான் டாக்கில். நம் ஆட்கள் ஜெர்மனி போய்ப் பழகி வந்து கட்டிய ஷல்கி 1992இலும் ஷங்குல் 1994இலும் படையில் சேர்ந்தன. இதற்கிடையில் ஒப்பந்தத்தில் கமிஷன் வாங்கியதாகப் புகார் கிளம்பியது, மேற்கொண்டு ஆர்டர் கொடுக்கவில்லை. அடுத்த நீர்மூழ்கி ஒப்பந்தம் 2005இல்தான். அதில் முதல் கப்பல் கல்வரி படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். நடுவில் 23 வருஷம்! ஷங்குலில் வெல்டு போட்டவர் அதற்குள் ரிட்டயர் ஆகியிருப்பார். தப்பு செய்தவரைத் தண்டித்திருக்கலாம். பட்டறையை ஏன் பட்டினி போட்டோம்?

2025 ஜூன் 18 அன்று ஐஎன்எஸ் அர்னாலா என்ற போர்க்கப்பல் படையில் சேர்ந்தபோது 80 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பொருள் என்றார்கள். எனக்கும் பெருமைதான். கொல்கத்தா கார்டன் ரீச் யார்டு எடுத்த ஆர்டரில், சென்னை பக்கத்தில் காட்டுப்பள்ளியில் உருவான கப்பல் அது. ஆனால் அந்தச் சதவீதம் பொருளின் விலைக் கணக்கு. அதைக் கட்டியவருக்கு பி.எஃப். பிடித்தார்களா, கப்பல் போன பிறகு அவருக்கு வேலை இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது.

அர்னாலா வகையில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. 2019இல் ஒரே வகைக் கப்பல் 16 ஆர்டர் கொடுத்தார்கள், கார்டன் ரீச் யார்டுக்கு 8, கொச்சின் யார்டுக்கு 8. ஒரு கப்பலில் பழகிய கை அடுத்த கப்பலுக்கு நகரும். எல்லாக் கொள்முதலும் இப்படித்தான் இருக்க வேண்டும். பத்து வருஷம் ஒன்றுமில்லாமல் ஒரேயடியாகப் பெரிய தொகையை அறிவிப்பதைவிட, அதே பணத்தை வருஷா வருஷம் சீராகக் கொடுங்கள். குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்றால் முதலில் வெட்டுப்படுவது கூலிதான்; அதனால் கான்ட்ராக்ட் ஆட்களின் கூலி, பி.எஃப்., ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குப் பயிற்சி இடம் எல்லாம் டெண்டரிலேயே நிபந்தனையாக எழுதப்படட்டும்.

தூத்துக்குடிக்குப் பெரிய கப்பல் கட்டும் தளம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். எங்கள் உப்பனாற்றங்கரையில் படகு பழுது பார்க்கும் பையன்கள் இப்போதே அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அங்கேயும் "அடுத்த ஆர்டர் வந்தா" என்ற பேச்சு கேட்கக் கூடாது.

பெட்டியில் துணிக்கு மேலே லேமினேட் பண்ணின வெல்டிங் சர்டிபிகேட்டை வைத்தான். மஸ்கட்டில் போய் இறங்கிய மறுநாளே டெஸ்ட் பீஸ் போட்டுக் காட்டணுமாம்.